மாளிகை மருத்துவமனையாக இருந்த காலம்: முதல் உலகப் போர் ஆவணங்களில் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளில் எதைப் பற்றி விசாரித்தாலும், "முதல் உலகப் போரில் இது ஆஸ்பத்திரியாக இருந்தது" என்று ஒரு வரி வந்துவிடும். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்கானது இது. உங்கள் ஊருக்குப் பக்கத்து மாளிகையாக இருக்கலாம், பழைய பொருள் சந்தையில் வாங்கிய புகைப்பட அஞ்சலட்டையாக இருக்கலாம், தன் வம்சாவளியைத் தேடும் நண்பருக்கு உதவுவதாகவும் இருக்கலாம். போக வேண்டிய வழி ஒன்றுதான்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நோயாளியின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். இந்த மாளிகை மருத்துவமனைகள் பெரும்பாலும், பெரிய ராணுவ மருத்துவமனையோடு இணைந்து இயங்கிய துணை மருத்துவமனைகள் (ஆக்ஸிலியரி ஹாஸ்பிடல்). அப்படிப்பட்ட ஒன்றுக்கு மூன்று எஜமானர்கள். கட்டடம் மாளிகைக்காரருடையது. நடத்தியது செஞ்சிலுவைச் சங்கமும் முதலுதவித் தொண்டு நிறுவனமான செயின்ட் ஜான் அமைப்பும். 1914 அக்டோபரில் இரண்டும் சேர்ந்து கூட்டுப் போர்க் குழுவை அமைத்தன. கட்டிலில் கிடந்தவர்களோ ராணுவத்தின் ஆட்கள். மருத்துவமனை மூடப்பட்டபோது காகிதங்களும் இந்த மூன்று பக்கமாகப் பிரிந்து போயின. எந்தக் கேள்விக்கு எந்த எஜமானரின் காகிதத்தைப் புரட்ட வேண்டும் என்பதைத்தான் கீழே வரும் படிகள் சொல்கின்றன. வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு வேண்டிய பெயரையோ தேதியையோ எடுத்துத் தருகிறது.

தொடங்கும் முன் வேண்டியவை

மாளிகையின் பெயர், அது எந்தப் பாரிஷில் (தேவாலயத்தை ஒட்டிய ஊர்ப் பிரிவு) இருக்கிறது, 1914-இல் எந்தக் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருந்தது ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு அட்டவணை திறந்துகொள்ளுங்கள். தேதி, அந்த ஆவணத்தில் பெயர் எழுதப்பட்டிருந்த விதம், தகவல், எங்கே கிடைத்தது என நான்கு பத்திகள் போதும். பெயரை நீங்கள் திருத்தி எழுத வேண்டாம். தப்பாக எழுதப்பட்ட பெயரே பின்னால் இன்னொரு ஆவணத்தைத் திறக்கும் சாவியாகலாம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செஞ்சிலுவைச் சங்கத்தின் பணியாளர் அட்டைகள், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்கள், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல், அரசிதழான லண்டன் கெசட் ஆகியவற்றை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வம்சாவளித் தளங்களான ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட், பழைய செய்தித்தாள் தளமான பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் ஆகியவற்றுக்குச் சந்தா உண்டு. பிரிட்டனில் இருப்பவர்கள் பக்கத்துப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பல நூலகங்களின் கணினிகளில் இவற்றில் சில இலவசம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தேடுபவர்கள் இலவசமானவற்றை முழுதாக முடித்துவிட்டு, கேள்விப் பட்டியல் தயாரான பிறகு ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டுங்கள். முதல் நாளே கட்டினால் அந்த மாதம் வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும்.

1. எந்தப் போர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு உலகப் போர்களிலும் மாளிகைகள் மருத்துவமனைகளாயின. ஊர்க்காரர்களின் நினைவில் இரண்டும் கலந்து கிடக்கும். முதல் போரில் பெரும்பாலும் உரிமையாளர்களே முன்வந்து வீட்டைக் கொடுத்தார்கள். இரண்டாம் போரில் அரசு எடுத்துக்கொண்ட வீடுகள் அதிகம். மருத்துவமனைகளும் வேறொரு ஏற்பாட்டின் கீழ், அவசர மருத்துவ சேவை என்ற பெயரில் இயங்கின. எனவே காகிதங்களும் வேறு இடத்தில் இருக்கின்றன.

பக்கிங்ஹாம்ஷயரின் கிளைவ்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்டர் குடும்பத்தின் அந்த எஸ்டேட்டில் முதல் போரின்போது கனடிய செஞ்சிலுவைச் சங்கம் ஒரு மருத்துவமனை நடத்தியது. இரண்டாம் போரில் அதே எஸ்டேட்டில் மறுபடியும் கனடியர்களின் மருத்துவமனை. "கிளைவ்டன், கனடிய ஆஸ்பத்திரி" என்று பின்பக்கம் எழுதிய படம் எந்தப் போரைச் சேர்ந்தது என்று அந்த வரியை வைத்துச் சொல்லவே முடியாது.

நோயாளிகள் நீல உடையில் இருக்கிறார்கள் என்பதையும் நம்பி விடாதீர்கள். மருத்துவமனை நீல உடை இரண்டு போரிலும் உண்டு. தாதியரின் பாவாடை நீளம், தலைத்துணி, பின்னணியில் நிற்கும் மோட்டார் வண்டி ஆகியவை நம்பகமான அடையாளங்கள்.

2. இடத்தை வரைபடத்தில் உறுதி செய்யுங்கள்

ஒரே பெயரில் நான்கைந்து மாளிகைகள் இருப்பது அங்கே சாதாரணம். 'தி கிரேஞ்ச்', 'தி ஹால்', 'மேனர் ஹவுஸ்' போன்ற பெயர்களைப் பாரிஷ் இல்லாமல் தேடினால் வேறொருவர் வீட்டின் வரலாற்றை எழுதி முடிப்பீர்கள்.

கவுன்டி எல்லைகள் 1974-இல் பெரிதாக மாறின. டன்ஹாம் மாஸி மாளிகை இன்று கிரேட்டர் மான்செஸ்டர் பகுதியில் இருக்கிறது. போர்க்காலத்தில் அது செஷயர். செஞ்சிலுவைச் சங்கம் கவுன்டி வாரியாக இயங்கியதால், செஷயர் என்று தெரியாமல் அதன் பதிவுகளைத் தேடுவது வீண்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடங்களும் உள்ளன. 1914-க்குக் கொஞ்சம் முந்திய பதிப்பை எடுத்து, மாளிகையோடு கூடவே அருகிலுள்ள ரயில் நிலையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காயம்பட்டவர்கள் ரயிலில் வந்தார்கள். எனவே ரயில் நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடும்போது மாளிகையின் பெயரில் சிக்காத செய்தித்தாள் குறிப்புகள் சிக்கும்.

இன்னொன்று: மருத்துவமனை மாளிகைக்குள்ளேதான் இருந்தது என்று எண்ண வேண்டாம். கிளைவ்டனில் மூடிய டென்னிஸ் கூடத்தை மையமாக வைத்து வளாகம் எழுந்தது. வோபர்ன் அபேயில் பெட்ஃபோர்டு சீமாட்டி மேரி நடத்திய மருத்துவமனை குதிரையேற்றக் கூடத்தையும் டென்னிஸ் கூடத்தையும் பயன்படுத்தியது. பிளெனிம் அரண்மனையிலோ நீண்ட நூலகமே வார்டானது. எந்த அறை, எந்தக் கட்டடம் என்பது தெரிந்தால்தான் பிறகு புகைப்படங்களைப் பொருத்திப் பார்க்க முடியும்.

3. அலுவல் பெயரைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாவியவர்கள்தான் "எதுவுமே கிடைக்கவில்லை" என்று திரும்பி வருகிறார்கள். மாளிகையின் பெயர் வேறு, மருத்துவமனையின் பெயர் வேறு.

டன்ஹாம் மாஸியில் 1917 ஏப்ரல் முதல் 1919 தொடக்கம் வரை இயங்கியது 'ஸ்டாம்ஃபோர்டு ராணுவ மருத்துவமனை'. ஸ்டாம்ஃபோர்டு என்பது அந்தக் குடும்பத்தின் பட்டப்பெயர். அந்தப் பெயரில் லிங்கன்ஷயரில் ஒரு ஊரே இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. 'ராணுவ மருத்துவமனை' என்று பெயரில் இருந்தாலும் அது துணை மருத்துவமனைதான். பெயரில் உள்ள 'ராணுவ', 'போர்', 'செஞ்சிலுவை', 'வி.ஏ.டி.' (தன்னார்வ உதவிப் படை) போன்ற சொற்களை வைத்து வகை பிரிக்காதீர்கள். அவரவர் விருப்பப்படி வைத்துக்கொண்டவை அவை.

வகையை அறிய, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் வெளியிட்டிருக்கும் முதல் உலகப் போர்த் துணை மருத்துவமனைகளின் பட்டியலைப் பாருங்கள். நாடு முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட துணை மருத்துவமனைகள் இருந்தன. பட்டியலில் கவுன்டிப் பகுதியைத் திறந்து, உங்கள் மாளிகையை மட்டும் தேடாமல் ஐந்தாறு மைல் சுற்றளவில் இருந்த எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனைகள் இடம் மாறின, ஒன்றோடொன்று இணைந்தன. ஒரு கிராமத்து மண்டபத்தில் தொடங்கியது ஆறு மாதத்தில் மாளிகைக்குக் குடிபெயர்ந்திருக்கும்.

பட்டியலில் மாளிகை இல்லையென்றால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். சொந்தச் செலவில் தனியாக நடத்தப்பட்டவையும் உண்டு, வேறு பெயரில் பதிவானவையும் உண்டு. அந்த மாளிகை சிப்பாய்களுக்கா அதிகாரிகளுக்கா என்பதையும் இப்போதே பாருங்கள். இரு தரப்புக்கும் மருத்துவமனைகள் தனித்தனி. ஸ்காட்லாந்தில் கோல்ட்ஸ்ட்ரீம் அருகிலுள்ள லென்னல் மாளிகை அதிகாரிகளுக்கானது. அங்கே ஒரு சாதாரண சிப்பாயைத் தேடுவது நேர விரயம்.

4. தாய் மருத்துவமனை எது?

ஒவ்வொரு துணை மருத்துவமனையும் ஒரு மத்திய ராணுவ மருத்துவமனையோடு இணைக்கப்பட்டிருந்தது. நோயாளி மாளிகையில் படுத்திருந்தாலும் ராணுவக் கட்டுப்பாட்டிலேயே இருந்தார். அவருக்காக நாளொன்றுக்கு இவ்வளவு என்று போர் அலுவலகம் பணம் கொடுத்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டடத்தை மையமாகக் கொண்ட 3-ஆம் சதர்ன் ஜெனரல், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கட்டடங்களில் 1-ஆம் சதர்ன் ஜெனரல், கேம்பிரிட்ஜில் 1-ஆம் ஈஸ்டர்ன் ஜெனரல், மான்செஸ்டரில் 2-ஆம் வெஸ்டர்ன் ஜெனரல் ஆகியவை இப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைகள்.

ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? சிப்பாயின் பணிப் பதிவில் பல சமயம் தாய் மருத்துவமனையின் பெயர்தான் இருக்கும், மாளிகையின் பெயர் இருக்காது. "3-ஆம் சதர்ன் ஜெனரல், ஆக்ஸ்ஃபோர்டு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அவர் மாளிகைக்கு வரவே இல்லை என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மனிதர் வாரக்கணக்கில் மாளிகைத் தோட்டத்தில் உட்கார்ந்து வெயில் காய்ந்திருக்கலாம்.

அருகிலுள்ள பெரிய நகரம்தான் தாய் என்று ஊகிப்பதும் தப்பு. ராணுவக் கட்டளைப் பகுதிகளின் எல்லையும் கவுன்டி எல்லையும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாளில் "இன்ன இடத்திலிருந்து கான்வாய் (காயம்பட்டவர்களின் கூட்டம்) வந்தது" என்ற வரியே உறுதியான சான்று.

5. திறந்த நாள், மூடிய நாள், இடையில் நடந்தவை

போர் 1914 ஆகஸ்டில் தொடங்கி 1918 நவம்பரில் முடிந்தது என்பதால் மருத்துவமனையும் அதே காலம் இயங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். பல மாளிகைகள் 1915-க்குப் பிறகுதான் திறந்தன. போர்நிறுத்தத்துக்குப் பிறகும் 1919-இல் சில மாதங்கள் நீடித்தவை ஏராளம்.

பெட்ஃபோர்டுஷயரின் ரெஸ்ட் பார்க் 1914-இல் உடல் தேறுவோருக்கான இல்லமாகத் தொடங்கி, அந்த ஆண்டே முழு மருத்துவமனையாக மாறியது. 1916 செப்டம்பரில் தீ விபத்து. அத்தோடு மருத்துவமனையும் முடிந்தது. ஹைகிளியர் கோட்டையில் கார்னார்வன் சீமாட்டி அல்மினா 1914-இல் தொடங்கியது, பிறகு லண்டன் பிரையன்ஸ்டன் சதுக்கத்துக்குப் போய்விட்டது. 1917-இல் ஒருவர் ரெஸ்ட் பார்க்கில் சிகிச்சை பெற்றதாகக் குடும்பக் கதை சொன்னால் கதையைத்தான் மறுபடி விசாரிக்க வேண்டும்.

தேதிகளுக்கு உள்ளூர்ச் செய்தித்தாள்களே முதல் ஆதாரம். ஆனால் 'ஆக்ஸிலியரி ஹாஸ்பிடல்' என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். அந்தக் காலத்து நிருபர்கள் அப்படி எழுதவில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொற்களைப் போட்டுப் பாருங்கள்: 'வூண்டட் சோல்ஜர்ஸ்' என்பதோடு ஊர்ப்பெயர், 'கான்வாய்', 'பாய்ஸ் இன் புளூ', 'எக் கலெக்‌ஷன்', 'பவுண்ட் டே', 'விஸ்ட் டிரைவ்' (சீட்டாட்டப் போட்டி).

முட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காயம்பட்டவர்களுக்காக நாடு முழுக்க முட்டை சேகரித்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை முட்டை கொடுத்தது என்று வாரந்தோறும் செய்தி வந்தது. பவுண்ட் டே அன்று ஊரார் ஆளுக்கு ஒரு பவுண்டு சர்க்கரையோ தேயிலையோ கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்தச் சின்னச் சின்னச் செய்திகளில் மருத்துவமனையின் பெயரும் நிர்வாகப் பொறுப்பாளரான கமாண்டன்டின் பெயரும் வந்துவிடும். நீதிமன்றச் செய்திகளையும் விடாதீர்கள். நீல உடையில் இருந்த சிப்பாய்களுக்கு மது விற்கத் தடை இருந்தது. மீறிய மதுக்கடைக்காரர் மேல் வழக்கு வந்தால் சிப்பாயின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் அச்சில் ஏறிவிடும். நல்லொழுக்கத்தைவிட ஒழுங்குமீறல்தான் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

கவுன்டி ஆவணக் காப்பகத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் கவுன்டிக் கிளை போர் முடிந்ததும் அச்சிட்ட அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் படுக்கை எண்ணிக்கை, நோயாளிகளின் மொத்தம், தேதிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. மாதக்கணக்கான தேடலை ஒரு மின்னஞ்சல் மிச்சமாக்கும்.

6. பணியாளர்கள்: வி.ஏ.டி. அட்டைகள்

அதிகம் கிடைக்கும் பகுதி இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

1909-இல் தொடங்கிய தன்னார்வ உதவிப் படைகளே வி.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்டன. மாளிகை மருத்துவமனையில் பொறுப்புகள் இப்படிப் பிரிந்திருந்தன: மருத்துவமும் தாதிப் பணியும் தவிர மற்ற நிர்வாகம் கமாண்டன்டிடம், பண்டசாலை குவார்ட்டர் மாஸ்டரிடம், தாதியரை வழிநடத்துவது மேட்ரன். இவர்களுக்குக் கீழே முதலுதவியும் வீட்டுப் பராமரிப்பும் கற்ற உள்ளூர் வி.ஏ.டி. உறுப்பினர்கள். பெரும்பாலும் உள்ளூர் டாக்டர்களே மருத்துவம் பார்த்தார்கள்.

செஞ்சிலுவைச் சங்கம் இந்தப் பணியாளர் அட்டைகளை மின்மயமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயராலும் இடத்தாலும் தேடலாம். முதலில் இடத்தால் தேடுங்கள். மாளிகைப் பெயர், மருத்துவமனைப் பெயர், கிராமப் பெயர், பக்கத்துச் சந்தை ஊர் என ஒவ்வொன்றாக. அட்டையில் முகவரி, பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, எங்கே, எத்தனை மணி நேரம், சம்பளம் உண்டா என்பவை இருக்கும். எல்லா அட்டையிலும் எல்லாம் நிரப்பப்பட்டிருக்காது.

பின்னாளில் துப்பறியும் கதைகளால் உலகப் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டியின் அட்டையைப் பயிற்சிக்கு எடுத்துப் பாருங்கள். அவர் வேலை செய்தது மாளிகையில் இல்லை, டார்க்கி நகர மண்டபத்து மருத்துவமனையில். 1914 அக்டோபர் முதல் 1916 டிசம்பர் வரை சம்பளமில்லாமல் 3,400 மணி நேரம்; அதன் பிறகு மருந்து கலந்து கொடுப்பவராக ஆண்டுக்கு 16 பவுண்டு சம்பளத்தில். இலவச உழைப்புக்கு மணிக்கணக்கு, சம்பள வேலைக்குத் தொகை. இந்த வேறுபாடு கண்ணில் பட்டுவிட்டால் மற்ற அட்டைகளை வேகமாகப் படிக்கலாம்.

அட்டைகளில் அடிக்கடி நிகழும் பிழைகள்:

எழுத்தாக்கத்தை மட்டும் படித்துவிட்டு அட்டையின் படத்தைப் பார்க்காமல் விடுவது. பின்பக்கம் எழுதியது, ஓரத்தில் கிறுக்கியது, அடித்துத் திருத்திய தேதி எல்லாம் படத்தில்தான் தெரியும்.

திருமணமான பெண்ணைத் தேடுவதில் தடுமாறுவது. போரின் நடுவில் கல்யாணமானால் ஒருவருக்கே இரண்டு பெயரில் அட்டை இருக்கலாம். சிலரின் அட்டையில் கணவரின் பெயரெழுத்துகளே இருக்கும்.

தாதியரை மட்டும் தேடுவது. சமையற்காரர், துணி துவைத்தவர், வண்டி ஓட்டியவர், கணக்கு எழுதியவர் எல்லோருக்கும் அட்டை உண்டு. ஆண்கள் படைகளும் இருந்தன. ரயில் நிலையத்திலிருந்து ஸ்ட்ரெச்சர் சுமந்தவர்கள் பகலில் ஊரில் கடை வைத்திருந்தவர்களாக இருப்பார்கள்.

மேட்ரனை இங்கே காணோம் என்று திகைப்பது. பயிற்சி பெற்ற தாதியரின் பதிவு வேறு இடங்களிலும் இருக்கலாம். ராணுவத் தாதியர் சேவைகளில் இருந்தவர்களின் கோப்புகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 399 என்ற தொகுதியில் உள்ளன. சாதாரண வி.ஏ.டி. உறுப்பினரை அந்தத் தொகுதியில் தேடிப் பயனில்லை.

பதக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. உள்நாட்டில் மட்டும் பணியாற்றியவர்களுக்குப் போர்ப் பதக்கங்கள் கிடையாது. ஆனால் கமாண்டன்டுகளுக்கும் மேட்ரன்களுக்கும் ராயல் ரெட் கிராஸ் விருதோ, 1917-இல் உருவான பிரிட்டிஷ் பேரரசு விருதோ கிடைத்திருக்கலாம். லண்டன் கெசட்டில் பெயரோடு மருத்துவமனையின் பெயரும் அச்சாகியிருக்கும். அலுவல் பெயரை உறுதி செய்ய இதைவிட நல்ல இடம் குறைவு.

7. நோயாளிகள்

மாளிகைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கடும் ஆபத்தைத் தாண்டியவர்கள் அல்லது உடல் தேற வேண்டியவர்கள். அவர்களின் பெயர்ப் பட்டியல் முழுதாகக் கிடைப்பது அரிது. டன்ஹாம் மாஸியில் 282 பேர் சிகிச்சை பெற்றார்கள் என்று எண்ணிச் சொல்ல முடிவது விதிவிலக்கு. உங்கள் மாளிகைக்கும் அப்படிக் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

காரணம் எளிது. போர்க்கால மருத்துவப் பதிவேடுகளில் பெரும்பகுதி பிறகு அழிக்கப்பட்டது. மாதிரிக்கென்று வைத்த ஒரு சிறு பகுதிதான் தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.எச். 106 என்ற தொகுதியாக இருக்கிறது. சிப்பாய்களின் பணிக் கோப்புகளோ 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்தன. பாதிக்கும் மேல் சாம்பல். மிஞ்சியவை டபிள்யூ.ஓ. 363 தொகுதியில், ஓரங்கள் கருகி, தண்ணீர்பட்டு எழுத்து கலைந்து. ஓய்வூதியக் கோப்புகள் டபிள்யூ.ஓ. 364-இல். அதிகாரிகளுக்கு டபிள்யூ.ஓ. 339, 374.

கோப்பு கிடைத்துவிட்டால் நேரே மருத்துவ வரலாற்றுத் தாளுக்குப் போங்கள். எந்த மருத்துவமனை, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காயம் என்ன என்று அட்டவணையாக இருக்கும். அங்கே தாய் மருத்துவமனையின் பெயர் இருந்தால் நான்காம் படியில் எழுதி வைத்ததோடு பொருத்திப் பாருங்கள்.

கோப்பு இல்லையென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்தது கையெழுத்துப் புத்தகம். தாதியர் நோயாளிகளிடம் ஆட்டோகிராஃப் வாங்கினார்கள். அவர்களும் பெயர், ரெஜிமென்ட், எண், தேதி போட்டு, கூடவே ஒரு கேலிப்படமோ நாலு வரிப் பாட்டோ எழுதிக் கொடுத்தார்கள். இந்தப் புத்தகங்கள் கவுன்டி காப்பகங்களிலும் உள்ளூர் அருங்காட்சியகங்களிலும் ஏலத் தளங்களிலும் வெளிவருகின்றன. ஆறாம் படியில் கிடைத்த தாதியரின் பெயர்கள் இங்கேதான் கைகொடுக்கும்: புத்தகம் பெரும்பாலும் தாதியின் பெயரில்தான் பட்டியலிடப்பட்டிருக்கும், மருத்துவமனையின் பெயரில் இருக்காது.

இறந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பதிவில் தெளிவு. பிரிட்டனில் இறந்த சிப்பாயின் உடலைக் குடும்பம் சொந்த ஊருக்குக் கொண்டுபோக முடிந்தது. எனவே மாளிகைக்கு அருகிலுள்ள தேவாலயக் கல்லறையை மட்டும் பார்த்து "இங்கே யாரும் இறக்கவில்லை" என்று எழுதாதீர்கள். இறந்த சிப்பாய்களுக்குச் சேர வேண்டிய பாக்கித் தொகையின் பதிவேட்டில் (சோல்ஜர்ஸ் எஃபெக்ட்ஸ்) இறந்த இடம் பல சமயம் குறிக்கப்பட்டிருக்கும். இறப்புச் சான்றிதழிலும் அது இருக்கும். அதற்குக் கட்டணம் உண்டு.

நோயாளிகள் உள்ளூர்க்காரர்கள் என்று கருதுவது இன்னொரு பரவலான பிழை. கப்பலும் ரயிலும் எங்கே இறக்கினவோ அங்கே படுத்தார்கள். கார்ன்வால் ஆள் நார்தம்பர்லாந்தில் படுத்திருப்பார், ஆஸ்திரேலியர் ஷ்ராப்ஷயரில். ஆஸ்திரேலிய, கனடியப் படையினரின் கோப்புகள் அந்தந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத் தளங்களில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. உங்கள் மாளிகையில் அவர்கள் இருந்த தடயம் கிடைத்தால் அந்தப் பெயர்களை முதலில் தேடுங்கள். முழுக் கோப்பு கிடைக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

8. மாளிகையின் சொந்தக் காகிதங்கள்

இதை இவ்வளவு பின்னால் தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. உரிமையாளருக்கோ, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டுக்கோ, காப்பகத்துக்கோ "ஆஸ்பத்திரி பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று எழுதினால் "இல்லை" என்று பதில் வரும். "1917 மே மாதத்தில் கமாண்டன்டாக இருந்தவரின் கடிதங்களோ வீட்டுக் கணக்குப் புத்தகமோ உண்டா?" என்று கேட்டால் யாராவது எழுந்து போய்ப் பார்ப்பார்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியலில் குடும்பப் பெயரைப் போட்டு எஸ்டேட் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கணக்குப் புத்தகம், விருந்தினர் ஏடு, தோட்டக்காரர் கூலிப் பட்டியல், காப்பீட்டுக் கடிதம் ஆகியவை பலன் தரும். மாளிகையே இடிக்கப்பட்டுவிட்டது என்றாலும் காகிதம் தப்பியிருக்கும். காகிதங்கள் வக்கீல் அலுவலகம் வழியாகக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்வது வழக்கம்.

9. புகைப்படத்தைப் படிப்பது

சிப்பாய்கள் அணிந்தது நீல உடை, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இது வெளிறிய கோட்டும் கறுத்த டையுமாகத் தெரியும். அதிகாரிகளுக்கு இந்த உடை இல்லை. அவர்கள் கையில் பட்டி கட்டியிருந்தார்கள். தாதியரில் செஞ்சிலுவைச் சங்கத்தவர் நீல உடுப்பு, செயின்ட் ஜான் அமைப்பினர் சாம்பல் உடுப்பு. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான். ஏப்ரனிலும் கைப்பட்டியிலும் உள்ள சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முகங்களை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். கணப்படுப்பின் வேலைப்பாடு, ஜன்னல் சட்டங்கள், படிக்கட்டுக் கைப்பிடி மாறாதவை. பழங்கட்டடப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இவற்றின் விவரணை அறை அறையாக இருந்தால், எந்த அறை வார்டாக இருந்தது என்று சொல்லிவிடலாம்.

10. இந்தியச் சிப்பாய்களைத் தேடுபவர்களுக்கு

தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்பது இது. மேலே சொன்ன மாளிகைகளில் இந்தியச் சிப்பாய்களைத் தேடி ஏமாறாதீர்கள். அவர்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. பிரைட்டனில் ராயல் பெவிலியன் 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை இந்திய மருத்துவமனை. நியூ ஃபாரஸ்ட் பகுதியில் பிராக்கன்ஹர்ஸ்ட் ஊரில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை. இந்தியக் காலாட்படை 1915 இறுதியில் பிரான்சை விட்டு வேறு முனைகளுக்குப் போனதால் இவற்றின் காலமும் குறுகியது.

இவர்களுக்கான காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் பதிவுகளில் உள்ளன. சிப்பாய்களின் கடிதங்களிலிருந்து தணிக்கையாளர்கள் எடுத்த பகுதிகள் எல்/மில்/5/825 முதல் 828 வரையிலான கோப்புகளில் இருக்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பாகவே கிடைக்கும். எழுதியவரின் பெயரைவிட ரெஜிமென்டும் மருத்துவமனையும் தேடுவதற்கு உதவும்.

11. எழுதும்போது

முதலில் காலவரிசை, பிறகு பணியாளர் பட்டியல், அதன் பிறகே நோயாளிகள். உறுதியானது, ஊகம், ஊர்க்கதை மூன்றையும் மூன்று நிறத்தில் குறியுங்கள். பிரசுரிக்கும் முன் நிறம் போட்ட ஊகங்களை மறுபடி படித்தால் பாதி தானாக உதிரும்.

காயத்தின் விவரம், மனநோய், பால்வினை நோய் போன்றவை கோப்பில் இருக்கும். வாரிசுகள் உயிரோடு இருந்தால் எழுதுமுன் கேட்டுவிடுங்கள். காப்பகப் படங்களுக்குப் பிரசுர அனுமதி தனி; வாசிப்பறையில் கைபேசியில் எடுத்த படத்தை இணையத்தில் போடக் கூடாது. அனுமதிப் படிவத்தை எடுக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் வாரக்கணக்காகும்.